அக்கா கொண்டுவந்த சீர்

கொள்ளேகாலில் இருந்து மைசூர் போகும் காலை பஸ்ஸில் முகக்கவசம் போட்ட ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை விட்டுவிட்டு, நடைவழிக்கு இந்தப் பக்கம் என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"இங்க வா அக்கா."

"வேண்டாஞ்சாமி. கிட்னியோட என்ற கிருமியவும் உனக்குக் குடுத்துப்போட்டேன். இன்னும் ஒட்டிக்கப் போகுது."

"அது கிட்னியோட வந்தது. பக்கத்துல உக்காந்தா புதுசா என்ன வரப்போகுது? உன்ற ஒடம்புல தூங்கிக்கிட்டுக் கெடந்த வைரஸ் எனக்குள்ள முழிச்சுக்கலாம்னு டாக்டரு முன்னாலயே சொன்னாருல்ல?"

"முழிச்சே போச்சே."

"மறுபடியும் தூங்க வெப்போம். அதுக்குத்தான் மாத்திரை. இன்னிக்கு டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்தா கொறஞ்சிருக்குதான்னு தெரியும்."

"கொறையலீன்னா?"

"கொறையற வரைக்கும் முழுங்குவேன்." அவர் குரல் உயர்ந்தது. "இத்தன வருசம் நாந்தான் உனக்குச் சீர்த்தட்டு கொண்டாந்தேன். மொதத்தடவையா நீ எனக்குக் கொண்டாந்திருக்கற. அதுல ஒரு தேங்கா அழுகியிருந்தா தட்டத்தையே திருப்பி அனுப்புவாங்களா?"

அக்கா எழுந்துபோய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தார்.

"இட்லியத் தின்னுட்டு மாத்திரைய முழுங்கு. மணி எட்டாச்சு."