முழுக்கைச் சட்டை

கைப்பொத்தானப் போட்டுட்டா, மருந்து ஏத்தக் குத்தி வச்ச ஊசி தெரியாதாக்கும்? நல்ல வேலைண்ணே. நர்சு கண்ணுக்கு மறைச்சிருவீக. ஒங்க நரம்புக்கு?

எனக்கென்ன வந்துச்சு. ஒரு மணி நேரமா ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கோம், கண்ணுல படுது, கேக்கேன். காதுகுத்தா? முதுகுளத்தூர்லயா? தாய்மாமன் நீங்க, ஒங்க மடியில வச்சுத்தான் குத்தணும், சரி. மடியில பிள்ளை துள்ளுமே, எந்தக் கையால புடிப்பீக?

டாக்டரு ரெண்டு நா போயிட்டு வரச் சொல்லிட்டாரு, ஊசிய உருவிட்டுத்தான் போகணும்னும் சொல்லிருப்பாரே. அத மட்டும் காதுல வாங்கல. திரும்ப வந்தா மறுபடி குத்துவாகன்னு பயம். மிளகாக் காட்டுல வெறுங்காலோட நடக்குற ஆளு, இத்துனூண்டு ஊசிக்கு முழுக்கைச் சட்டை தேடுறீக.

எங்க வீட்டுக்காரரும் இதே ரகந்தான். திருக்கை முள்ளு ஏறி வீங்குன காலோட வலை இழுத்தவரு. நர்சு கையில இருந்த ஊசிய உருவ வந்தப்ப, இருக்கட்டும் தாயின்னு கெஞ்சுனாரு.

கலைச்செல்வி நர்ச நீங்க கொற சொல்லாதீக. வேளைக்கு வேளை வந்து அந்த எடத்தப் பாக்குது, தொட்டு வலிக்குதான்னு கேக்குது. பிளாஸ்திரி மேல தேதி எழுதிருக்குல்ல, அழகுக்கா எழுதுச்சு? செவந்தாலோ வீங்குனாலோ ஒடனே எடுத்து வேற எடத்துல போடணும். அதுக்குக் கண்ணுக்குத் தெரியணும்ல. நீங்க சட்டைக்குள்ள பூட்டி வச்சா அது என்ன சோசியமா பாக்கும்?

எங்க கோயில் திருவிழாவுல சப்பரத்தோட முன்கொம்பத் தூக்குறது எங்க வீட்டுக்காரரு குடும்பத்து உரிமை. பாட்டன் காலத்துலருந்து. உரிமை போயிருமாம். சங்கத்து ஆளுக நாலு பேரு இங்கனயே வந்து, ஊசிதான வேதமுத்து, சட்டைய இறக்கி விட்டுட்டு வாப்பான்னாக. அத்தன பேரும் பெரிய டாக்டரு. இன்னிக்கி ஒருத்தனையும் காணோம்.

ஊசியோடயே போயி, ரெண்டு மணி நேரம் கொம்பப் புடிச்சுக் கையத் தூக்குனபடி நடந்திருக்காரு. ஊசி உள்ளுக்குள்ள ஆடிக்கிட்டே கெடந்திருக்கு. வேர்வையில பிளாஸ்திரி கழண்டு போச்சு. எரியுதுன்னு ஒரு வார்த்தை வரணுமே. கடல்ல சொறிமீன் பட்டாலும் எரியத்தான் செய்யுது, தானா அமந்துரும்னு நெனப்பு. மறுநா சட்டையக் கழட்டுனா, மணிக்கட்டுலருந்து முழங்கை வரைக்கும் நரம்பு நங்கூரக் கயிறு கணக்கா வெறச்சு நிக்கிது. தொட விடல. அன்னிக்கே காச்சலு.

உள்ளதான் இருக்காரு. சீழ் எடுக்குறாக, இது மூணாந்தடவை. வெரல மடக்க வருமான்னு கேட்டேன், பாப்போம்மான்னாரு டாக்டரு. வலை புடிக்கிற கையி.

கோவிச்சுக்காதீகண்ணே. அவரையும் இப்படித்தான் ஒம்பது நாளா திட்டிக்கிட்டு இருக்கேன். வாயே தொறக்கல மனுசன். தொறந்தா சொல்லிருக்கலாம். அந்தச் சட்டைய இஸ்திரி போட்டது நாந்தான. பிளாஸ்திரி தடுத்துக் கை நொழையலன்னாரு, நாந்தான் மெள்ள இழுத்து விட்டுப் பொத்தானப் போட்டேன். இப்ப யாரு பாத்தாலும் தெரியாதுன்னு வேற சொன்னேன்.

அந்தா, கலைச்செல்வி வருது. கைய இங்கிட்டு நீட்டுங்க. ஆட்டாதீக, பொத்தான் இறுக்கமா இருக்கு. ம், கழண்டுருச்சு. மேல ஏத்த இன்னொரு மடிப்பு.