குளிர்காலத் துணை

— முதல்ல அந்த விளக்கை அணை, குன்வோர். அணைச்சுட்டுப் பேசு. மூஞ்சியில அடிக்கிற அடியில போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு எனக்கு.

— உடம்புக்கு நல்லதுய்யா அது. இருட்டு மாசத்துல தினம் கொஞ்ச நேரம் முன்னாடி உக்காந்தா மனசு தெளியுமாம்.

— யாரு மனசு? அதை வித்தவன் மனசு தெளிஞ்சிருக்கும். நான் சாப்பிட உக்காந்திருக்கேன், ஆபரேஷனுக்கு இல்ல.

— சரி, அணைச்சாச்சு. இப்பவாச்சும் எந்திரி டோர்லைஃப். ரெண்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் சூரியன் தலைகாட்டுது. அதைப் பாக்க ஆபீஸே மலை மேல ஏறிப் போயிடுச்சு. நீ ஒருத்தன் கேன்டீன்ல உக்காந்து ரொட்டிக்குச் சீஸ் சீவிக்கிட்டிருக்க.

— ரெண்டு மாசமா ஊர்ப்பக்கமே வராதவன், இன்னைக்கு வந்து ஒரு அஞ்சு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போவான். அவனுக்காக நான் பூட்ஸுக்கு முள்ளு மாட்டி, பனிக்கட்டியில வழுக்கி, இடுப்ப ஒடிச்சுக்கணுமா? பாக்கணும்னா அவன் ஜன்னல் வழியா என்னைப் பாத்துக்கட்டும்.

— போன வருஷம் வரைக்கும் நீதான்யா முதல் ஆளா ஏறுவே. கீழ நிக்கிறவங்களை மேல இருந்து திட்டிக்கிட்டே நிப்பியாம்.

— அப்ப அது எங்க சூரியன். ஊர்ச் சனம் தானா ஏறும், தானா இறங்கும், அவனவன் வீட்டுக்காரி சுட்ட பன்னை அவனவன் தின்பான். இப்ப அது கம்பெனி சூரியன். பன் மேல கம்பெனி பேர் போட்டிருக்கு, பாத்தியா? ஓஸ்லோவிலிருந்து அந்த ஹென்ரியத்து அதைக் கையில புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்த மாதிரி ஆட்டம்.

— அவ வேலை அது. பணியாளர் நலன் பாக்கத்தானே வந்திருக்கா.

— நலன். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பல் கூசுது. இங்க பாரு, நாம என்ன கம்பெனி? மீன் கம்பெனி. நித்தம் லாரி லாரியா மீன் அனுப்புறவன் நான். அவ எனக்கு வெளியில காசு குடுத்து மீன் எண்ணெய் மாத்திரை வாங்கித் தர்றா. இந்தக் கூத்தை நான் யாருகிட்ட சொல்லி அழுவேன்?

— அதான் பாக்குறவன்கிட்ட எல்லாம் சொல்லி அழுதாச்சே.

— கேளு, இன்னும் இருக்கு. கிடங்குக் கதவு சரியா மூட மாட்டேங்குது. பனி உள்ள வந்து தரையில கெட்டியாகுது. பயலுக அதுலதான் நின்னு பெட்டி தூக்குறானுக. சரி பண்ணிக் குடுய்யான்னு மேனேஜர் கோரேகிட்ட போய்க் கேட்டேன். மனுஷன் என்ன சொன்னாரு? இந்த வருஷம் பணம் இல்லையாம். மறுவாரமே விளக்கு வருது, போர்வை வருது, நன்றிச் சுவர் வருது. ஒரு கதவு வரல.

— கதவு விஷயத்துல நீ சொல்றது நியாயம்தான்.

— எந்த விஷயத்துலதான் அநியாயம் பேசுறேன்? அந்த நன்றிச் சுவர்ல எதுக்கெல்லாம் நன்றின்னு எழுதி ஒட்டணுமாம். பின்னாடி இருந்த ஈரக்கறையை மறைச்சதுக்கு நன்றின்னு எழுதினேன். சாயங்காலமே கிழிச்சுட்டா மகராசி.

— அன்னைக்கு நான் சிரிச்சேன்.

— நீ சிரிப்பே. நீ எல்லாத்துக்கும் சிரிப்பே. அந்தக் கர்மம் புடிச்ச மூச்சுப் பயிற்சியில நம்ம கிரேன் ஓட்டுற அஸ்லாக் குறட்டை விட்டானே, அப்பவும் நீ சிரிச்சே. அடுத்த வாரம் முதல் வரிசையில பாயை விரிச்சுப் படுத்தே. உன்னை எந்தப் பக்கம்னு எண்ணுறதுன்னே தெரியல.

— படுத்தா கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. அதான் படுத்தேன்.

— உனக்கென்ன ஆறுதல் வேண்டிக்கிடக்கு? போன குளிர்காலம் பூரா கேனரித் தீவுல வெயில்ல படுத்துக் கெடந்துட்டு வந்தவ நீ. இருட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

— கேனரின்னு யாரு சொன்னா?

— ஆபீஸே சொல்லிச்சு. மூணு மாசம் சீட்டு காலியா கெடந்துச்சே, பின்ன எங்க போவே?

— சொல்லட்டும். நல்ல ஊருதான் கேனரி. நீ முதல்ல கோட்டை எடு. வானம் சிவந்துடுச்சு பாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மஞ்சக் காகிதத்துல கிரீடம் கட்டிக்கிட்டுப் போகுதுங்க.

— பிள்ளைங்க போகட்டும். பிள்ளைங்களுக்கு அழகா இருக்கும். அம்பது வயசு ஆளுங்க, கணக்கெழுதுறவனும் லாரிக்காரனும் கையைக் கோத்துக்கிட்டு வரிசையா நின்னு கண்ணை மூடி வெளிச்சத்தை உள்வாங்குறதைப் பாக்கத்தான் எனக்குக் குமட்டுது.

— கண்ணை மூடச் சொல்ல மாட்டாங்க இன்னைக்கு. இன்னைக்கு வேற விஷயம் இருக்கு, உனக்கே தெரியும்.

— தெரியும். குளிர்காலம் பூரா ஒருத்தரை இன்னொருத்தர் தினம் நலம் விசாரிக்கணும்னு ஜோடி போட்டாங்களே, அந்தத் துணை விவகாரம்.

— ஆமா. கோரே மலை உச்சியில வச்சுக் கேக்கப்போறாரு. எந்த ஜோடி வசந்தம் வரைக்கும் தொடரணும்னு நினைக்குதோ, அந்த ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கணும். நிக்காத ஜோடியை இன்னையோட கலைச்சுடுவாங்க.

— அப்பாடா. இந்த ஆபீஸ்ல இந்தக் குளிர்காலத்துல எடுத்த ஒரே நல்ல முடிவு. கலைக்கட்டும். அதுக்காகத்தான் நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்காம இருக்கேன்.

— அப்படி பட்டுனு சொல்லாதய்யா.

— ஏன், உனக்கு எதுவும் பரிசு கைவிட்டுப் போகுதா? நல்லாப் பாத்துக்கிட்ட துணைக்கு ஓட்டல்ல ஒரு நாள் தங்க டிக்கெட்டுன்னு கேள்விப்பட்டேன்.

— எனக்கு ஓட்டலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒரு தடவை வந்து பக்கத்துல நில்லு, அவ்வளவுதான். நின்னுட்டு நேரா இறங்கி வந்து உன் ரொட்டியைத் தின்னு.

— மாட்டேன். நல்லாக் கேட்டுக்க குன்வோர், ஒரு தடவையோட முடிச்சுக்குவோம். எனக்கு ஒரு குறையும் இல்ல. இந்த இருட்டுலதான் பொறந்தேன். படுத்தா கட்டை மாதிரி தூங்குறேன், எந்திரிச்சா பசிக்குது, நாய் கூட வெளியில போறேன், வர்றேன். எனக்குத் துணை வேணும்னு எந்தப் புத்திசாலி கண்டுபிடிச்சான்?

— நீ நல்லாத் தூங்குவேன்னு ஊருக்கே தெரியும்.

— தெரிஞ்சுமா தினம் கேக்குற? காலையில நான் கம்ப்யூட்டரைக்கூடப் போட்டிருக்க மாட்டேன். காபியைக் கொண்டாந்து வைப்பே. தலையை ஒரு பக்கமா சாய்ப்பே. "தூங்கினியா?" மழை வந்தாலும் கேப்பே, புயலடிச்சு பஸ் ஓடலைன்னாலும் நடந்து வந்து கேப்பே. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கட்டடத்துல நாம ரெண்டு பேருதான், அன்னைக்கும் கேட்டே. மனசறிஞ்சா கேக்குறே? ஹென்ரியத்து கேக்கச் சொன்னா, நீ கேக்குறே. அவகிட்டப் போய் ஒப்பிக்கணும்ல.

— நான் யாருகிட்டயும் போய் ஒப்பிச்சதில்ல.

— எனக்கு அந்தத் தலைச்சாய்ப்பு இருக்கே, அதைப் பாத்தாலே உள்ள எரியும். சாவுவீட்டுல விசாரிக்கிற மாதிரி. அதான் எல்லார் முன்னாடியும் உன்னை நர்ஸம்மான்னேன். வந்துட்டாங்கடா என் நர்ஸம்மா, எனக்கு ஜுரம் பாக்கன்னு. கேன்டீனே சிரிச்சுது.

— நானும்தான் சிரிச்சேன்.

— சிரிச்சுட்டு மறுநாளும் வந்தே பாரு, அங்கதான் எனக்கு உன் மேல இருந்த கொஞ்ச நஞ்ச மதிப்பும் போச்சு. ரோஷம் உள்ளவ வருவாளா?

— வர மாட்டா.

— பின்ன?

— நான் கேட்டா நீ என்ன பதில் சொல்லுவே, டோர்லைஃப்?

— கட்டை மாதிரி தூங்கினேன், போய் வேலையைப் பாருன்னு.

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் அன்னைக்கு எவன் வம்புக்கு மாட்டுறானோ அவனைத் திட்டுவேன். கோரேயை, ஹென்ரியத்தை, அந்த பிளாஸ்டிக் செடியை. நீ மரம் மாதிரி நின்னு கேட்டுக்கிட்டிருப்பே. காபி ஆறிடும்.

— அவ்வளவு நேரத்துல ஒரு நாளாவது என்னைத் திருப்பிக் கேட்டிருக்கியா?

— உன்னை எதுக்குக் கேக்கணும்? நர்ஸை எவனாவது நாடி புடிச்சுப் பாப்பானா?

— பாக்க மாட்டான்தான்.

— இந்தா, இப்பக்கூட மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிற. இந்த நடிப்பெல்லாம் ஹென்ரியத்துக்கிட்ட கத்துக்கிட்டது. போ தாயே, நேரமாச்சு. மேல போய் கோரேகிட்ட சொல்லு: டோர்லைஃப் திடகாத்திரமா இருக்கான், அவனுக்குத் துணையும் வேண்டாம் தொணதொணப்பும் வேண்டாம், என்னை விடுவிச்சுடுங்கன்னு. நிம்மதியா மத்த வேலையைப் பாரு.

— தனியா அந்த மலையில ஏற எனக்குத் தெம்பு இல்லைய்யா.

— பக்கவாட்டுல கயிறு கட்டியிருக்கான், புடிச்சுக்க. நாலு பேரு இன்னும் கீழ வாசல்லதான் முள்ளு மாட்டிக்கிட்டிருப்பாங்க, அவங்களோட போ.

— நான் கயிறைப் பத்திச் சொல்லல.

— எதைப் பத்திச் சொன்னாலும் சரி, நான் வரப்போறதில்ல. நம்ம ஜோடி இன்னையோட முடிஞ்சுது. நாளைக்குக் காலையில என் மேஜைக்கு வராதே, காபி நானே போட்டுக்குறேன்.

— நிச்சயமாத்தான் சொல்றியா?

— சத்தியம் பண்ணவா?

— சரி. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லிடு. அக்டோபர்ல அந்த மீட்டிங் நடந்துச்சே, யாருக்கு யாரு துணைன்னு சொன்ன மீட்டிங். நீ கடைசி வரைக்கும் இருந்தியா?

— எங்க இருந்தேன்? கண்ணை மூடி உங்க உள்ளிருட்டோட பேசுங்கன்னு அந்த ஹென்ரியத்து சொன்னா. என் வாயில என்னமோ வந்துச்சு. அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்துட்டேன்.

— பேரை ஒவ்வொருத்தர்கிட்டயும் கடைசியில தனியாக் கூப்பிட்டுத்தான் சொன்னாங்க. உன்கிட்ட யாரும் சொல்லல?

— அந்த ஹென்ரியத்து நாலஞ்சு தடவை போன்ல என்னமோ அனுப்புனா. அவ பேரைப் பாத்தாலே படிக்காம அழிச்சுடுவேன். நேர்ல வந்தா நான் கிடங்குக்குப் போயிடுவேன். எவ சொல்லணும்? மறுநாள் காலையில நீ காபியும் கையுமா வந்து நிக்கிற. அதைவிடப் புரியும்படியா வேற எப்படிச் சொல்லுவாங்க?

— அன்னைக்கு நான் வந்தப்ப நேரம் என்ன இருக்கும், நினைவிருக்கா? காலையில இல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி.

— ஆமா, லேட்டாத்தான் வந்தே. ஏன்னு நான் கேக்கல, எனக்கென்ன வந்துச்சு.

— அது வரைக்கும் என் சீட்டுலயே உக்காந்து வாசலைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

— வாசல்ல யாரு வரப்போறான்னு?

— துணை வேணும்னு கேட்டது நான்தான்யா. கேனரிக்கு நான் போகவே இல்ல. போன குளிர்காலம் நான் தாண்டின மாதிரி இந்தத் தடவையும் தாண்ட முடியும்னு எனக்குத் தோணல. யாரைப் போடட்டும்னு கேட்டாங்க, இந்த ஆபீஸ்லயே பொய் பேசத் தெரியாத ஒரே ஆளுன்னு உன் பேரைச் சொன்னேன், மறுநாள் காபி எடுத்துக்கிட்டு வந்து "தூங்கினியா?"ன்னு கேக்க வேண்டியது நீ. நீ வரல, அதான் நான் எடுத்துக்கிட்டு வந்தேன்.