ஆட்லி துரையின் உத்தரவு

— அந்தப் புட்டியை எடும், பெருமாள்ராஜ். சுருட்டையும் எடும். கார் ஸ்ரீவைகுண்டம் தாண்டிவிட்டதாம்.

— எங்க வைக்க, தாசில்தாரம்மா? சாமிக்கு முன்னால வச்சதை எடுத்து மடியிலயா கட்டிக்கிட?

— எங்கேயாவது வையும். நான் ஓய்வு பெற்று எத்தனையோ காலமாயிற்று. பெயரைச் சொல்லியே கூப்பிடலாம்.

— ராஜராஜேஸ்வரின்னு முழுசாச் சொல்லி முடிக்கதுக்குள்ள வெள்ளக்காரம்மா வந்து எறங்கிருவாவ.

— கேலி வேண்டாம். முதலாவது விஷயம், வருகிறவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. உம்முடைய சாமிக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவர் இருந்தார். அவர் வழியில் வந்தவள். ஜோன் என்று பெயர்.

— எங்க ஆட்லி துரைக்குச் சொந்தமா! அப்ப கோயில் கொடைக்கு வரி எழுதிர வேண்டியதுதான்.

— ஆட்லி இல்லை, ஹார்ட்லி. அந்தச் சிலைக்கு ஏன் இவ்வளவு பெரிய மீசை? அவர் மீசையே வைத்ததில்லை. ஜோன் படம் அனுப்பியிருக்கிறாள்.

— மீசை இல்லாம காவல் தெய்வம் உண்டாம்மா? மடைக்கு வாரவன் எப்படிப் பயப்படுவான்?

— இரண்டாவது விஷயத்தைக் காதில் வாங்கும். இங்கிலாந்தில் நெதர்விக் என்று ஒரு ஊர். நாற்பது வீடு, ஒரு மாதாகோயில், ஒரு கல்பாலம், மீதியெல்லாம் ஆடு. அந்த ஊரில் இன்றைக்கும் மதுக்கடை கிடையாது. ஏன் தெரியுமா?

— குடிக்க ஆள் இல்லாம இருக்கும். ஆடு குடிக்காதுல்லா.

— உம்முடைய துரையால்! நம்முடைய வாய்க்காலுக்கு மடை கட்டக் கப்பலேறினாரே, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுவதையும் கோயில் வாசலில் நிறுத்திச் சத்தியம் வாங்கினார். இந்த ஊருக்குள் மது விற்கக் கூடாது என்று. இன்றுவரை யாரும் மீறவில்லை.

— சத்தியத்தை வாங்கிட்டு இங்கன வந்து இந்தச் சிலைக்கு அடியில படுத்துட்டாரு.

— அவரை அவர்கள் மறக்கவில்லை. அவர் இறந்த நாளில் வருஷந்தோறும் மணி அடிக்கிறார்கள். மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கென்று இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

— காலியாவா? என்னத்துக்கு விட்டு வச்சிருக்காவ?

— அதுதான் என் கவலையும்.

— ஏம்மா, தோண்டி எடுத்துட்டுப் போகவா வாராவ?

— அப்படிச் சொல்லவில்லை. ‘அவரிடம் எங்கள் ஊருக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், நேரில் வந்து சொல்கிறேன்’ என்றாள். ரத்த சொந்தம் மனு கொடுத்தால் எந்த அதிகாரி மறுப்பார்? நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். அவர் முகத்துக்கு நேரே சாராயத்தையும் சுருட்டையும் பார்த்தபின், அவரை இங்கே விட்டுப்போக அவளுக்கு மனம் வருமா?

— துரை போனா மடை போச்சும்மா. அவரைக் கும்பிடாம இந்த ஊருல ஒருத்தன் மடைப் பலகையத் தூக்கினது கெடையாது. ஒரு சொட்டுத் தண்ணிக்கு வெட்டிக்கிட்டுச் சாவுத பயலுவ, இவருக்குப் பயந்துதான் முறைப்படி பாய்ச்சுதானுவ. வெறுங்குழியவா கும்பிடச் சொல்லுதிய?

— ஆகையால்தான் எடும் என்கிறேன். 

— அது மட்டும் முடியாதும்மா.

— ஏன் முடியாது? உயிரோடு இருந்தவரை ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனிதர்!

— தெரியும்.

— தெரியுமா? தெரிந்துமா ஊற்றுகிறீர்கள்?

— பின்ன? வெள்ளத்துல மடையத் தெறக்க ஒத்தையில எறங்கினாருல்லா? ஊரு பொழச்சுது, அவரை ஆறு கொண்டுபோயிட்டு. வாழைத்தோட்டத்துல ஒதுங்கிக் கெடந்தவரைத் தூக்கினது எங்க பாட்டனுக்குப் பாட்டன். மேலெல்லாம் வெறச்சுக் கெடந்திருக்காரு. எங்க ஆளுக்கு என்ன வைத்தியம் தெரியும்? வீட்டுல கெடந்த சாராயத்தை வாயில ஒரு மடக்கு ஊத்தினாரு. சுருட்டைப் பத்தவச்சு மூஞ்சியில சூடு காட்டினாரு. எந்திரிங்க துரை, எந்திரிங்கன்னு சாயங்காலம் வரைக்கும் ஊத்தியிருக்காரு. எந்திரிக்கல. அன்னைக்கு அவரு நிறுத்தலம்மா. இன்னைக்கு நான் எப்படி நிறுத்த?

— இதை நீர் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லையே.

— நீங்க எங்க கேட்டிய? இந்த வழியாப் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுல்லா போவிய.

— சரி. இருக்கட்டும்.

— எது?

— புட்டிதான். ஆனால் நேராக வையும், சாய்ந்து நிற்கிறது. சுருட்டு அதற்கு வலப்பக்கம். எதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். அதோ, கார் வந்துவிட்டது. நீர் வாயைத் திறக்காதேயும், நான் பேசிக்கொள்கிறேன்.

— நான் என்னத்தப் பேச, இங்கிலீசா தெரியும்? அம்மா, அவிய நேரா புட்டியத்தான் பார்க்காவ.

— எனக்கும் கண் இருக்கிறது.

— குனிஞ்சுல்லா பார்க்காவ. அழுவுதாவளா, சிரிக்காவளா?

— இரண்டும். நீர் சொன்னதைத்தான் அவளிடம் சொன்னேன், உம் பாட்டனுக்குப் பாட்டன் துரையின் வாயில் ஊற்றியதை.

— இம்புட்டு நேரமா என்ன பேசுதாவ? எலும்பைக் கேக்காவளா? ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.

— கேட்கவில்லை. கும்பிட ஒரு ஊரே இருக்கும்போது அவரை இங்கிருந்து பிரித்துக் கொண்டுபோவது பாவம் என்கிறாள்.

— ஆத்தாடி! நல்லா இருக்கட்டும். அப்ப என்ன காரியமா வந்தாவளாம்?

— அந்த ஊரில் சாயங்காலம் நாலு பேர் கூடி உட்கார இடமில்லையாம். இளவட்டங்கள் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்களாம். ஒரே ஒரு கடை திறக்கலாம் என்று ஊர் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சத்தியம் குறுக்கே நிற்கிறது. ‘நானே வந்து விலக்கும்வரை’ என்பதுதான் அவர் வாங்கிய வாக்காம்.

— அவருதான் அங்கன போகவே இல்லையே.

— அதனால்தான் இவளை அனுப்பியிருக்கிறார்கள். துரை உம்மேல் வந்து இறங்க, நீர் சாமியாடிக் குறி சொல்வதையும் அவள் விசாரித்து வைத்திருக்கிறாள்.

— வெள்ளக்காரம்மா செருப்பைக் கழத்திட்டு நிக்காவளே! இப்ப நான் என்ன செய்யணும், தாசில்தாரம்மா?

— அந்தப் புட்டியைத் திறந்து, எப்போதும் ஊற்றுவதைப் போல ஊற்றும், பெருமாள்ராஜ். நெதர்விக் ஊரார் துரையிடம் உத்தரவு கேட்டு வந்திருக்கிறார்கள்.