அர்ஃபான் ஊட்டிய இடியாப்பம்

– அந்த நோட்டீஸை மறுபடியும் ஒரு தடவை வாசி, அர்ஃபான். உன் வாயால கேக்கணும்.

– வேணாம் லாத்தா. எங்க டீம் பொண்ணு சிவானி கேமராவோட கீழ, ப்ளாக்குக்கு அடியில வாய்ட் டெக்ல நிக்குது.

– அக்கா சொல்றேன்ல, வாசி.

– "வேட்பாளர் அர்ஃபான் பொதுத்தொண்டைத் தம் தாயின் கட்டிலருகே கற்றவர். தினமும் காலையில் தாயாருக்குத் தம் கையால் இடியாப்பம் ஊட்டிய பிறகே வேலைக்குச் செல்கிறார்."

– சீ. கூசாம அச்சடிச்சிருக்கே. எத்தனை வீட்டுக் கதவுல சொருகியிருக்கே இதை?

– தொகுதி முழுக்கப் போயாச்சு. நான் எழுதல லா. தோ பாயோ பேட்டையில தேர்தல் கூட்டம். சொந்த வாழ்க்கையிலேர்ந்து ஏதாவது சொல்லுங்கன்னாங்க. எனக்கு முன்னாடி பேசுனவர், அவங்க அப்பா டாக்ஸி ஓட்டுன கதையைச் சொல்லி அழுதாரு. எல்லாரும் கண்ணைத் துடைக்கிறாங்க. நான் என்ன சொல்றது?

– வாப்பாவுக்குத் தேக்காவுல ஜவுளிக்கடை, நாங்க கஷ்டமே படலன்னு சொல்ல வேண்டியதுதானே.

– யாரு லா கேப்பா அதை? நம்ம வீட்ல உம்மாவைப் பாத்துக்கிறோம்னு சொன்னேன். டீம்ல கொஞ்சம் ஏத்திட்டாங்க.

– நீ இந்த வீட்டுக்குக் கடைசியா எப்ப வந்தே?

– பெருநாளைக்கு.

– இந்தப் பெருநாளா, போன பெருநாளா?

– லாத்தா, ப்ளீஸ். பத்து நிமிஷம். பக்கத்துல உக்காந்து ரெண்டு வாய் ஊட்டுறேன், சிவானி எடுத்துரும். சூடா வாங்கிட்டு வந்திருக்கேன் பாரு. இடியாப்பம், தேங்காப்பால், சீனி. உம்மாவுக்குப் பிடிச்சதுதானே... என்ன, சிரிக்கிறே?

– உம்மா வாயால சாப்பிட்டு ஏழு மாசமாச்சுடா. மூக்குல டியூப் போட்டிருக்கு.

– என்னது?

– படம் எடுத்து உனக்கு அனுப்புனேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுனே.

– ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வருது லாத்தா எனக்கு. கதவைத் தொறந்ததுமே ஒரு வாடை வந்துச்சு. அதான் என்னன்னு...

– உம்மாவோட வாடைதான். மூக்கைப் பொத்திக்கிட்டு எப்படி ஊட்டுவே?

– பொத்தல. சரி, டியூப்ல பால் ஊத்துற மாதிரி எடுத்துக்கலாம். இன்னும் டச்சிங்கா இருக்கும்.

– தூ! அவங்க டியூபைப் பிடுங்கிருவாங்கன்னு ரெண்டு கையிலயும் உறை மாட்டிக் கட்டியிருக்கேன். அதையும் எடுப்பியா? பால் ஊத்துறதுக்கு முன்னாடி வயித்துத் தண்ணியைக் கொஞ்சம் உறிஞ்சி, காகிதத்துல தொட்டு நிறம் பாக்கணும். டியூப் நுரையீரல் பக்கம் போயிருந்தா ஆளே போயிரும். என்ன நிறம்னு தெரியுமா உனக்கு?

– நீ சொல்லிக்குடு, செய்றேன்.

– எட்டு வருஷம். ஸ்கூல் வேலையை விட்டுட்டு இதுதான் செய்றேன். ஒண்ணு சொல்லவா? அருவருப்பு உன் மேல மட்டும் இல்ல. சில நாள் பீத்துணி மாத்துறப்ப, இதெல்லாம் எப்பத்தான் முடியும்னு உள்ளுக்குள்ள ஓடும். அப்புறம் என் கையைப் பாத்தா எனக்கே குமட்டும். அதைப் போடு உன் நோட்டீஸ்ல. அதுதான் இந்த வீட்ல நடக்கிற தொண்டு.

– ஜெயிச்சா உன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தான் பேசுவேன் லாத்தா. சத்தியமா. அதுக்குத்தான் நிக்கிறேன்.

– பேசுவே. அதுல பொய் இல்லன்னு தெரியும். அதான் இன்னும் குமட்டுது.

– உம்மாவுக்கு... என்னை ஞாபகம் இருக்கா?

– என்னை மறந்து ஒரு வருஷமாச்சு. நூருன்னிசான்னு ஒரு மக பொறந்ததே தெரியல. உன் பேரு மட்டும் போகல. விடிஞ்சதுலேர்ந்து அர்ஃபான் தண்ணி, அர்ஃபான் முதுகு வலிக்குது, அர்ஃபான் எங்கடா போனே.

– நெஜமாவா? லாத்தா, எனக்கு அழுகையா வருது. இதை அப்படியே கேமரா முன்னாடி சொல்றியா?

– மாட்டேன். ஒண்ணு செய். அந்தப் பொட்டலத்தை மேசையில வச்சுட்டு ரூமுக்குப் போ. முழிச்சுத்தான் இருக்காங்க. நீ அவங்க புள்ளன்னு தெரிஞ்சுக்கிட்டாங்கன்னா சிவானியை மேல வரச்சொல்லு. எத்தனை டேக் வேணும்னாலும் எடுத்துக்க, நான் வாயே தொறக்கல. தெரியலன்னா, இந்த நோட்டீஸ் பொய்னு நீயே மைக்ல சொல்லணும்.

– ஓகே. என் பேரைத்தானே கூப்பிடுறாங்க, ஓகே. ஆனா நீ உள்ள வராதே லாத்தா, குழம்பிருவாங்க. குசினியிலயே இரு.

– பால் கலக்கத்தான் போறேன். போ.

– உம்மா... அஸ்ஸலாமு அலைக்கும். என்னைப் பாருங்கம்மா. நான்தான். உங்க புள்ள.

– வாங்க தம்பி, உக்காருங்க. சட்டையில பேட்ஜெல்லாம் குத்தியிருக்கு, ஓட்டுக் கேட்டு வந்தீங்களா? எனக்கு ஒண்ணும் வெளங்காது, எம் மவனைத்தான் கேக்கணும். அர்ஃபானு! குசினியில என்னடா பண்றே? யாரோ வந்திருக்காங்க, என்னன்னு கேளு.