கோயில் ஒலிபெருக்கியில் ஒரு கவிதை

வாசகர் வட்டத்தின் தலைமை இருக்கையை அழகுசெய்யும் நூலகர் தங்கபாய் அம்மையார் அவர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்துவிட்ட ஊர்ப் பெரியோர்களே! மீன் விற்ற கையோடு மண்டைக்காட்டுச் சந்தையிலிருந்து நேரே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! பள்ளியிறுதி முடித்த ரெஜிஷாவின் பணிவான வணக்கம்.

அங்கே யாரோ, "சத்தமா பேசு மக்கா" என்கிறார். ஐயா, அலையோடு போட்டிபோட்டு வளர்ந்தவளிடமா சத்தம் கேட்கிறீர்கள்?

கவிதை படிக்கும்போது எனக்கு என்ன ஆகிறது என்று பேசச் சொன்னார்கள். என்னதான் ஆகாது? பசி மறக்கும், பாடம் மறக்கும், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடமும் மறக்கும். ஒருமுறை கொட்டாரம் ஊர் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்! நல்ல வரி ஒன்று நாவில் ஏறிவிட்டால் நாள் முழுதும் நான்தான் ராணி. ஆனால் என் அம்மா விக்டோரியா, "கவிதை சோறு போடுமா? நர்சிங் படிச்சு துபாய்க்குப் போ" என்று ஒரே பிடியாய் நின்றார். எனக்கோ தமிழ் இலக்கியம் தவிர வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

போன மாதம் ஒரு மாலை. பாடற்குழுப் பயிற்சியை அறிவிக்க மாதா கோயில் ஒலிபெருக்கி அறைக்குப் போனேன். அறிவித்தேன், அணைத்துவிட்டதாக நினைத்தேன். கையில் நூலகப் புத்தகம். ஆளில்லா அறை. விடுவேனா? பொழுது சாய்ந்தும் கடலிலிருந்து திரும்பாத ஒரு மீன்பிடி வள்ளத்தைப் பற்றிய கவிதையை உருகி உருகி, உரக்க உரக்கப் படித்தேன்!

எங்கள் ஊரில் அந்த ஒலிபெருக்கி எதற்குப் பேசும்? கடல் கோபித்தால் பேசும். கரை சேராதவரைத் தேடப் பேசும். அடுப்பை விட்டு ஓடி வந்தது ஊர்! வலையை விட்டு ஓடி வந்தது ஊர்! பக்கத்து வீட்டு மரியான் மாமா மூச்சிரைக்கக் கதவைத் தள்ளினார்.

"ஏட்டி, யாருக்க வள்ளம்?"

"கவிதையில உள்ள வள்ளம், மாமா."

இப்போது சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. பயந்த பயத்துக்கெல்லாம் சேர்த்துத் திட்டினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். இன்றோடு தமிழும் போச்சு, கவிதையும் போச்சு என்று முடிவுகட்டினேன்.

"பாதியில நிறுத்திற்றியே, அந்த வள்ளம் வந்துதா, இல்லியா?"

"மீதியும் வாசிக்கட்டா அம்மா?"

"வாசி."

கோயில் படியில் நின்று வாசித்தேன். திட்டிய ஊரே படியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. கடைசி வரியில் வள்ளம் கரை தொட்டது. காகிதத்தில் வந்த வள்ளத்துக்காக என் அம்மா, "மாதாவே, நன்றி" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்! ஒரு கவிதை இதைவிட வேறென்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்?

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னார்: "நீ தமிழுக்கே சேரு மக்கா. வராத வள்ளத்தயும் கொண்டு வாறியே."

சேர்ந்துவிட்டேன், தாய்மார்களே! செவி தந்த அவைக்கு நன்றி. கரையில் இருப்போருக்கும் கடலில் இருப்போருக்கும் விக்டோரியா மகளின் வணக்கம்!