மணல் மூட்டை

பூப்பாறையிலிருந்து சூரியநெல்லிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு எஸ்டேட் தொழிலாளிகள். ஒருவர் மெலிந்தவர், மற்றவர் தடித்தவர்.

“ஏன் மாப்ள, கோயில் கொடைக்குச் சிலம்பம் ஆடுறவன் நீ. இப்ப தினம் மணல் மூட்டையத் தூக்கிட்டு மேட்டுல ஏறுறியாமே? கழுதை பொழப்பக் கெடுக்கவா?” என்றார் தடித்தவர்.

“ஒந் தங்கச்சிக்கு எட்டாம் மாசம், மச்சான். வலி வந்தா லயத்து வீட்டுல இருந்து மேட்டு ரோடு வரைக்கும் அவளக் கம்பளியில கட்டித்தான தூக்கணும்.”

“அதுக்கு?”

“போன பிரசவத்துக்கு வழியில நாலு தடவை எறக்கி வச்சோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரயில பிள்ளை உசுரோட இல்ல. சிலம்பம் ஆடுன தெம்பு, அந்த மேட்டுக்குப் பத்தல மச்சான்.”

தடித்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே சொன்னார்.

“அன்னைக்குத் தோள் தாங்காம மொதல்ல எறக்குனது நாந்தான்.”

பிறகு மெலிந்தவர் பக்கம் திரும்பினார்.

“காலையில எப்ப ஏறுற?”

“வேலைச் சங்கு ஊதுறதுக்கு முந்தி.”

“நாளைக்கு என்னையும் எழுப்பு. மூட்டையக் கம்பளியில கட்டி, ரெண்டு பேருமாத் தூக்குவோம்.”