குளத்தடிச் சிவப்புத் துணி

சும்மா நடப்பதற்காக விமானம் ஏறி வருகிற மனிதர்களை நான் முதலில் நம்பவேயில்லை ஐயா. எங்கள் தோட்டத்தில் நடக்காத ஆள் யார்? மலைக்கு நடக்கிறோம், கடைக்கு நடக்கிறோம், பஸ் வராத நாளில் லிந்துலை வரைக்கும் நடக்கிறோம். அதைப் போய் ஒருத்தர் பொழுதுபோக்கு என்றால் சிரிப்பு வராதா? ஆனால் வந்தார்கள். இரண்டு கைக்கும் இரண்டு கம்பு ஊன்றிக்கொண்டு, முதுகில் பையோடு வந்து, எங்கள் குளத்தையும் காட்டையும் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

வாக்குமூலத்தில் யோகேஸ்வரன், முன்னாள் கணக்கப்பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தவன்தான் நான். இப்போது பாதை காட்டுகிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தொடங்கி, தேயிலைக்குள் ஏறி, வெள்ளைக்காரன் காலத்தில் பெக்டரித் தண்ணீருக்காக வெட்டிய இரண்டு குளங்களைச் சுற்றி, காட்டுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் ரயில் பாதையில் இறங்குகிற பாதை. நான் கண்டுபிடித்தது. பாதை முன்பே கிடந்தது, ஒத்துக்கொள்கிறேன். அது அழகாக இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். இத்தனை வருஷம் அதில் போய் வந்தவர்களுக்கு அது தோன்றவில்லையே, அதற்கு நான் என்ன செய்ய?

பிரான்ஸிலிருந்து க்ளேர் என்று ஓர் அம்மா வந்தார். தங்கமான மனுஷி. அவர் ஊரிலும் இப்படித்தானாம்: குளம், காடு, மறுபடியும் குளம். மரத்துக்கு மரம் பெயின்டில் கோடு போட்டிருப்பார்களாம். அதைப் பார்த்துக்கொண்டே போனால் நாள் முழுக்க யாரிடமும் வழி கேட்கவே வேண்டாமாம். ஒருத்தரிடமும் பேசாமல் ஒரு நாளா? கேட்கவே எனக்குப் பாவமாக இருந்தது. அந்த அம்மாதான் தேயிலைச் செடியில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

அது குளவித் துணி ஐயா. தேயிலை மலையில் யார் முதலில் குளவிக் கூட்டைப் பார்த்தாலும், அந்தச் செடி நிரையின் வாசலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் ஒருத்தரும் உள்ளே போகமாட்டார்கள். கூட்டைக் கொளுத்திய பிறகு, கட்டிய ஆளே வந்து அவிழ்க்க வேண்டும். எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறியவர்களும் இல்லை.

இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? காசு செலவழித்து, கடல் கடந்து வந்திருக்கிற மனுஷியிடம், நீங்கள் நிற்கிற இடத்தில் குளவி கொட்டி ஆள் செத்திருக்கிறது என்றா சொல்வது? காட்டு முனி சாமிக்கு நேர்ந்து கட்டியது என்று சொன்னேன். சந்தோஷத்தில் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்தில் கிடந்த சால்வையின் ஓரத்தைக் கிழித்து, தன் மகளுக்காக வேண்டிக்கொண்டு அவரும் ஒன்று கட்டினார். அதைத் தடுக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் துணி எங்கே, சாமி எங்கே என்றுதான் கேட்டார்கள். விருந்தாளியை ஏமாற்றி அனுப்பலாமா? போட்டோ நன்றாக வருகிற இடமாகப் பார்த்து நானே கட்டினேன். கீழ்க்குளத்தின் கரையில், வளைவில், காட்டு வாசலில். பச்சைக்கு நடுவில் சிவப்பு எடுப்பாகத்தான் இருந்தது.

காளியாயி அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரர், கொழுந்து எடுப்பதில் எப்போதும் முன்நிரை. ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், இத்தனை பேர் முன்னால், என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏந் தம்பி, கண்ட எடத்துலயெல்லாம் துணியக் கட்டி வச்சிருக்கீங்களே, எது நெசம் எது வெளாட்டுன்னு நாங்க எப்புடிக் கண்டுக்கிறது? ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?”

எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதானே. “சந்தேகம்னா என்னையக் கேளுங்க அக்கா. எது யாரு கட்டுனதுன்னு எனக்குத் தெரியும்,” என்றேன். அன்றிலிருந்து வேலைக்கு ஏறுமுன் பெண்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். யோசித்துப் பார்த்தால் அது பழைய வழக்கத்தைவிட மேல். துணி பேசாது, நான் பேசுவேன்.

அந்த நாளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். கொழும்பிலிருந்து சுற்றுலாத் துறைப் பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எங்கள் பாதையை நாட்டு வரைபடத்தில் சேர்ப்பதா, இல்லை கொட்டகலைப் பக்கத்துப் பாதையைச் சேர்ப்பதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். க்ளேர் அம்மாவும் இரண்டாம் முறையாக வந்து கூடவே நடந்தார். பாதையோரம் குளவிக் கூடு இருந்தால் பாதையை மூடவேண்டும் என்பது அவர்களுடைய விதி. மூடினால் எல்லாம் போச்சு. கீழ்க்குளத்துக்கு மேலே, தேயிலைக்குள் நிற்கிற மரத்தில் பானை மாதிரி ஒரு கூடு இருந்தது. காவல்காரர் மாயாண்டி பார்த்துவிட்டுத் துணி கட்டியிருந்தார். கட்டிய கையோடு அவர் கினிகத்தேனையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கூட்டை அவர் எனக்கும் காட்டியிருந்தார். அதை மறைக்கமாட்டேன்.

நடக்கிறவர்களுக்கு ஆபத்து இல்லை. கீழே கரையோரமாகச் சத்தம் போடாமல் போனால் குளவி சீண்டாது. கிளையை இழுத்து, கலகலவென்று பேசிக்கொண்டு கொழுந்து எடுக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. விருந்தாளிகள் விஷயத்தில் நான் எப்போதும் கவனம்.

அதிகாரி குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காளியாயி அக்கா கூடையோடு தனியாக முன்னால் வந்தார், மற்றப் பெண்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்று மெதுவாகத்தான் கேட்டார்.

“தம்பி, கொளத்துக்கிட்ட தொங்குறது ஒங்களோடதா, இல்ல நெசமாவே கூடு இருக்கா?”

கூடு இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது ஐயா. அக்கா கூப்பாடு போட்டிருப்பார். மலை முழுக்கப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரி பாதையை மூடிவிட்டுக் கொட்டகலைக்குப் போயிருப்பார். ஒரு தோட்டத்தின் எதிர்காலத்தை நான் நினைக்க வேண்டாமா?

“என்னோடதுதாங்க அக்கா. நீங்க போங்க,” என்றேன்.

அக்கா சிரித்தார். “ஒங்க சாமிக்கு வேற எடமே கெடைக்கலையா?” என்று கேட்டுவிட்டு, துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் எல்லாரையும் காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தேன். சத்தம் கேட்டது, இல்லை என்று சொல்லவில்லை. அதிகாரி என்ன சத்தம் என்று கேட்டார். பெண்கள் வேலையில் பாடுகிறார்கள் என்றேன்.

அக்கா தன் இடுப்பில் கட்டியிருந்த முரட்டுத் துணிப் படங்கை அவிழ்த்து, பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்ற அழகம்மாவின் தலையில் போர்த்திவிட்டாராம். அழகம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துக்கொண்டாள். அக்காவுக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிரேதப் பெட்டியைத் தூக்கியதில் முன்தோள் என்னுடையது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. எங்கள் பாதை வரைபடத்தில் ஏறிய செய்தி வந்தபோதுகூட நான் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

அக்கா ஏன் கேட்காமல் போனார் என்று பெண்கள் என்னிடம் அழுதார்கள். அவசரத்தில் போய்விட்டார் போல என்று சொன்னேன். செத்தவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் விழுந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணியும் கட்டினேன். வருகிறவர்கள் அதிக நேரம் நிற்பது இப்போது அங்கேதான்.

இது இப்படியே போயிருக்கும். அன்று க்ளேர் அம்மா, அக்காவின் கூடையும் சிரிப்பும் அழகாக இருக்கிறது என்று போனில் வீடியோ எடுத்திருக்கிறார். ஊருக்குப் போய், என்ன பேசினார்கள் என்று கீழே எழுதிப் போட ஆசைப்பட்டிருக்கிறார். பாரிஸில் தமிழ் தெரிந்த ஆளுக்கா பஞ்சம்? அதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அதிலிருப்பது என் குரல்தான், நான் சொன்ன சொல்தான். கூடு இருப்பது தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊரில் எனக்கு என்ன மரியாதை என்பதையும் எழுதுங்கள். அந்தச் சாவுக்குப் பிறகு என்னைக் கேட்காமல் ஒரு பெண் மலையில் கால் வைப்பதில்லை. அக்காவின் மகள் நிஷாந்தியைக் கேட்டுப் பாருங்கள். அம்மாவின் கூடையை இப்போது அவள்தான் சுமக்கிறாள், பாவம். இன்றைக்குக்கூட, உங்கள் ஜீப் வருவதற்குச் சற்று முன்னால், வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, அம்மா மாதிரி நாங் கேக்காமப் போவ மாட்டேன். மேல்கொளத்து நெரையில புதுசா ஒரு துணி தொங்குதே, அது யாரோடது?”

மாயாண்டி கட்டியது. நேற்று அவரே வந்து சொன்னார். ஆனால் நாளைக்குப் பாதையின் பெயர்ப்பலகை திறப்புவிழா ஐயா. பந்தல் போட்டாயிற்று, பெரிய பெரிய ஆட்களெல்லாம் வருகிறார்கள். ஒரே ஒரு நாள்தான். விழா முடிந்ததும் நானே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். என்னோடதுதாம்மா, நீ போ என்றேன். நல்ல பிள்ளை, தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள் ஐயா? பனி இன்னும் விலகவில்லை, வெயில் ஏறினால்தான் குளவி எழும்பும். உட்காருங்கள், கையெழுத்தைப் போட்டுவிடுகிறேன். எதையும் அரைகுறையாக விட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.